ஆறடி விதியும் நீண்டுபோன அரங்கும்

பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டில், நில அளவையாளர் சங்கத்தின் கூட்ட அரங்கு ஒரே காலைப்பொழுதில் அறுபது அடியிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடியாக நீண்டது. வெளிச்சுவர் இம்மியும் நகரவில்லை. உள்ளே இருந்த முப்பத்தொரு பேருக்கும் அளப்பதே பிழைப்பு என்பதால், கணக்கில் தவறு இருக்க வாய்ப்பில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நேரில் நடத்துவதா, நடத்தினால் என்னென்ன விதிகளோடு என்று முடிவெடுக்கவே அவர்கள் கூடியிருந்தார்கள். தலைவரும் செயலாளரும் அண்ணன் தங்கை. தங்கையின் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது; வீட்டுக்குள் ஒரு தும்மல் நுழைந்தாலும் ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். காய்கறிக்குக்கூட சோப்பு போட்டுக் குளிப்பாட்டிய அவள், ஏழு விதிகளை எழுதிக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். அண்ணன் மேடையில் இருந்தார். தோளோடு தோள் உரச உட்கார்ந்தால்தான் கூட்டம், மற்றதெல்லாம் வெறும் டெலிபோன் என்பது அவர் கட்சி.

“ஆளுக்கு ஆள் ஆறடி,” என்று அவள் முதல் விதியை வாசித்தாள்.

“மூணடி போதும்.”

“அப்ப ஏழடி!”

மேடைச் சுவர் நாற்பது அடி பின்வாங்கியது. மேடையும் மேசையும் தலைவரும் கூடவே போனார்கள். முகக்கவசம் பற்றிய வாக்குவாதத்தில் இன்னும் எண்பது அடி. ஜன்னலைத் திறப்பதா, குளிர்சாதனத்தைப் போடுவதா என்பதில் முப்பது. கை குலுக்கலாமா என்ற ஒன்றில் மட்டும் இருநூற்று இரண்டு. மைக்கின் கம்பி அறுந்தது. அதன்பிறகு அண்ணனும் தங்கையும் கைபேசியில் கத்திக்கொண்டார்கள். தேநீர் கொண்டுபோனவர் மேடையை எட்டுவதற்குள் அது ஆறிப்போனது. திரும்பி வந்து சூடாக்கிக்கொண்டு போனார், மறுபடியும் ஆறியது. கையைத் தூக்கியது யார் யார் என்று தெரியாததால், பின்வரிசைக்காரர் ஒருவர் கோணம் அளக்கும் தொலைநோக்கிக் கருவியான தியோடலைட்டை முக்காலியில் ஏற்றி வாக்கு எண்ணினார்.

அவரை விலக்கிவிட்டுத் தங்கையும் அதில் கண்ணை வைத்தாள். கோபமாக இருப்பார் என்று அவள் நினைத்த அண்ணன், கழற்றிய முகக்கவசத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா, கண்ணுல தூசியா?” என்று கைபேசியில் கேட்டாள்.

“தூசிதான்.” அண்ணன் மறுபடியும் கண்ணைத் துடைத்தார். “உங்க அண்ணி போயி எட்டு மாசம் ஆச்சு. இந்த எட்டு மாசத்துல என்னை ஒருத்தர்கூடத் தொடலை. காய்ச்சல் பாக்குற மெஷின்கூட நெத்திக்கு நாலு விரல் தள்ளித்தான் நிக்குது. கூட்டம் வச்சா யாராவது கை குலுக்குவாங்கல்ல, அதான்.”

அவள் விதித்தாளை மடித்துப் பையில் வைத்தாள். முகக்கவசத்தின் மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டு நடந்தாள். போய்ச் சேர மூன்று நிமிடம் ஆனது.

“டெஸ்ட் எடுத்தியா?”

“நேத்துதான். ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு.”

“மாஸ்க்கைப் போடு. அதையா துடைக்க எடுத்தே? இந்தா, புதுசு.”

பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, பின்னால் நின்று அண்ணனின் தோளில் கை வைத்தாள். அரங்கு நீள்வதை நிறுத்தியது. மற்ற இருபத்தொன்பது பேரும் அதைக் கவனிக்காததுபோல் முகட்டைப் பார்த்தபடி இருந்தார்கள்.

அவளுடைய ஏழு விதிகளையும் அண்ணன் ஒரு வார்த்தை மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். எட்டாவதை அவளே அங்கேயே எழுதினாள்: தனியாக வசிக்கும் உறுப்பினரின் தோளில், இருவரும் கவசம் அணிந்து, பரிசோதனை முடிவைப் பார்த்தபின், திறந்த ஜன்னலருகே இருபது எண்ணும்வரை கை வைக்கலாம். எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை.

பொதுக்கூட்டத்துக்கு நூற்றறுபது பேர் வந்தார்கள். ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை. எட்டாம் விதிக்காக ஜன்னலோரம் வரிசை நின்றது. அதில் பாதிப்பேர் வீட்டில் ஆறு பேரோடு வசிப்பவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகளில் தொற்று ஓய்ந்து, மற்ற விதிகளை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். எட்டாவதை நீக்கும்படி யாரும் முன்மொழியவில்லை. தங்கையின் கணவர் உடம்பு தேறி, சங்கத்துக் கணக்குகளைத் தணிக்கை செய்ய வந்தார். போன மாதக் கூட்டத்தில் மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்று அவருக்கும் மைத்துனருக்கும் சண்டை மூண்டது. கூரை ஓரடி உயர்ந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.