ஏழாம் பிளாக் வயர்

வங்காளத்து டாலிகஞ்ச் அரசுக் குடியிருப்பில் வைத்தியநாதனுக்கு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷன் என்று பெயர். விமானப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலையும் அதுதான். ஹெலிகாப்டர் எங்கே இறங்குவதானாலும் முதல் நாளே போய், சுற்றிலும் உள்ள கம்பம், புகைபோக்கி, வயர் அத்தனையையும் எழுதி விமானியிடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் பொல்லாதது வயர்தான். மேலேயிருந்து கண்ணுக்கே தெரியாது. கம்பத்தைப் பார்த்துத்தான் அங்கே வயர் இருக்கிறது என்று விமானி ஊகிக்க வேண்டும். இதைப் பற்றிக் குடியிருப்பில் அவர் வகுப்பெடுக்காத ஆள் கிடையாது.

இரண்டாயிரமாவது வருஷத்து வெள்ளத்தில், நிவாரணப் பொட்டலம் ஏற்றிப்போகக் குடியிருப்பு மைதானத்துக்கே ஹெலிகாப்டர் வருவதாக ஏற்பாடாயிற்று. மைதானத்து ஓரத்தில் துர்கா பூஜைப் பந்தல் பாதி எழும்பியிருந்தது. விடுவாரா இவர்? உச்சி மூங்கிலில் ஆறடி வெட்டு என்றார், சீரியல் விளக்கு வயரையெல்லாம் இறக்கு என்றார். பூஜைக் கமிட்டியில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். எல்லோருக்கும் ‘தா’, அதாவது அண்ணா, ஆன செயலாளர் நிர்மல் தா மட்டும், வைத்தியநாதன் பாபு சொன்னால் காரணம் இருக்கும் என்று தானே ஏணியில் ஏறி வெட்டினார். வெட்டும்போது உள்ளங்கை கிழிந்து கட்டுப் போட வேண்டியதாயிற்று.

நான்காம் பிளாக் மொட்டைமாடிக்கு மட்டும் வைத்தியநாதன் ஏறவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன! தமிழ் சேனலுக்காகப் பதினொரு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வைத்த டிஷ். அதிலிருந்து மைதானத்து மூலைக்கு மேலாக, அவர் வீடு இருந்த ஏழாம் பிளாக்குக்கு ஒரு கறுப்பு வயர். இரண்டு முனையும் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. அவிழ்த்தால் மறுபடி கட்ட எத்தனை நாளாகுமோ, அதுவரை பதினொரு வீட்டிலும் பிடுங்கி எடுத்துவிடுவார்கள், அதிலும் முதல் ஆள் அவர் மனைவி ஜலஜா. அந்த மூலைப் பக்கம் ஹெலிகாப்டர் எங்கே வரப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ‘வயர்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் காற்று திசை மாறியது. ஹெலிகாப்டர் எதிர்காற்றில்தான் இறங்கும். அது நேரே அந்த மூலைக்கு வந்ததும் வைத்தியநாதன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினார். அதற்குள் ஒரு குலுக்கல். ஹெலிகாப்டர் ஒரு பக்கம் சாய்ந்து, சமாளித்து, தொப்பென்று இறங்கியது.

பஞ்சாபிக்கார விமானி வெளிறிப்போய் இறங்கினார். கீழ்ச்சட்டத்தில் சுற்றியிருந்த வயரை உருவினார். இன்னும் கொஞ்சம் மேலே பட்டு விசிறியில் சிக்கியிருந்தால் கீழே நின்ற யாருமே மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்றார். யார் வயர் இது, போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றார். எல்லார் கண்ணும் பந்தல் பக்கம் திரும்பியது. புகார் போனால் அந்த வருஷம் பூஜை இல்லை.

நிர்மல் தா கட்டுப்போட்ட கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

“வைத்தியநாதன் பாபு கண்ணில் பட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார், சார். அவர் போன பிறகு எங்கள் ஆட்கள்தான் விளக்கு வயரைத் திரும்பக் கட்டியிருப்பார்கள். தப்பு எங்களுடையது.”

வைத்தியநாதனுக்கு வாயைத் திற, திற என்று மனசு அடித்துக்கொண்டது. திறக்கவில்லை. அப்போதுதான் ஏழாம் பிளாக் பால்கனியிலிருந்து ஜலஜா குரல் கொடுத்தாள்.

“ஏன்னா, டிவி நின்னுடுத்து! நம்ம வயர் அறுந்துடுத்தோ என்னமோ, மாடிக்குப் போய்ப் பாருங்கோ!”

மற்றத் தமிழர்களெல்லாம் ஆபீசில்; மைதானத்தில் நின்றவர்களில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பௌதி, அதாவது அண்ணி, என்ன சொல்கிறார், பயந்துவிட்டாரா என்று நிர்மல் தா கரிசனமாகக் கேட்டார்.

சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று சொன்னால் போதும். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் நிர்மல் தாவின் கைக்கட்டைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜலஜா சொன்னதை, ‘நம்ம’ என்பதைக்கூட விடாமல், அப்படியே வங்காளத்திலும், விமானிக்காக இந்தியிலும் சொன்னார்.

விமானி, அவர் கையெழுத்துப் போட்டிருந்த காகிதத்தை நீட்டினார். வைத்தியநாதன் ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு ‘ஒன்று’ என்று எழுதினார். நிமிர்ந்தபோது நிர்மல் தா பந்தல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வெட்டிப்போட்ட ஆறடி மூங்கில் வழியில் கிடந்தது. அதைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. மேலேயிருந்து ஜலஜா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.