முதுகு ஓட்டின் நீளம்

வாய்க்கருகே வந்த ஸ்பூனை அக்கா பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். கையைத் தூக்கத் தெம்பில்லாதவளுக்கு, வேண்டாத தண்ணீரைத் தடுக்க மிச்சமிருந்த வழி அதுதான். தம்பி ஸ்பூனை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"இன்னிக்கு ரெண்டாவது சனிக்கிழமை," என்றாள்.

"அதுக்கென்ன?"

"யார் எண்ணப் போறது?"

தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது. தெருவுக்கு அவர் லேத்துக்காரர். அக்காவுக்கு மட்டும்தான் இன்னும் தம்பி. பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த அக்காவைத் தெரு 'பூச்சியக்கா' என்றது. ஊர் எல்லையில், கம்பிவேலி போட்டு இயற்கைப் பூங்கா என்று பலகை மாட்டிய புதர்க்காடு ஒன்று இருக்கிறது. நடுவில் ஓர் ஓடை. மாதம் ஒருமுறை அங்கே நாலைந்து பேர் கூடி, தட்டான், வண்டு, சிலந்தி என்று ஆளுக்கொன்றாக எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். அக்காவின் பங்கு, கற்களுக்கடியில் ஒளிந்திருக்கும், நண்டுபோல் கொடுக்குள்ள நன்னீர்ச் சிங்கி இறால். உடம்பு விரலளவு, கோபம் ஊரளவு. பன்னிரண்டு கற்கள், பதினாறு வருஷம். ஒரு மாதம்கூட அவள் விட்டதில்லை.

"நீ போயிட்டு வா," என்றாள் அக்கா.

காலையில் வந்துபோன டாக்டர், இன்னிக்குத் தாண்டாது என்று வாசலில் நின்று சொல்லியிருந்தார். அது அக்காவின் காதிலும் விழுந்திருக்கும்.

"உன்னை விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல. நண்டு எண்ற நேரமா இது?"

"நண்டு இல்லடா. இறால்."

தம்பியின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணி வாய்விட்டுக் கேக்கறாங்க. போங்க. நான் இருக்கேன்."

அவள் சொன்னது சரிதான். அம்மாவும் அப்பாவும் போனபோது தம்பிக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. கல்யாணப் பேச்சோடு வந்தவர்களை அவள் வாசலோடு அனுப்பினாள். அவரை லேத் பட்டறையில் சேர்த்துவிட்டாள், பெண் பார்த்துக் கட்டிவைத்தாள். இத்தனைக்கும் பதிலாக அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று, பட்டறையில் நுணுக்கமாக அளந்து அளந்து பழசாகிப்போன ஒரு வெர்னியர் அளவுகோல். இன்று கேட்பது இரண்டாவது. அவர் அந்த வெர்னியரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஓடைக்கரையில் சிலந்தி சார் நின்றிருந்தார். குழுவில் சிலந்தி எண்ணும் ஓய்வுபெற்ற தபால்காரர், வலைகளைக் கலைக்காமல் நடந்து நடந்து, வெட்டவெளியிலும் குனிந்தே நடப்பவர். தம்பியின் கையில் வெர்னியரைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுத வேண்டிய தாளையும் ஒரு கைவலையையும் நீட்டினார்.

"கல்லை மெதுவா தூக்குங்க. பாத்துட்டு அப்படியே திரும்ப வச்சிடுங்க. அது அவங்க வீடு."

முதல் கல்லுக்கடியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், சேற்று நிறத்தில் ஒன்று பின்பக்கமாகவே பாய்ந்து கைவலைக்குள் விழுந்தது. முதுகைப் பிடித்துத் தூக்கினால், இரண்டு கொடுக்கையும் அகல விரித்து அவரையே மிரட்டியது. நாற்பது வருஷம் இரும்பை அளந்த கைக்கு, அளக்கும்போது முறைத்துப் பார்க்கும் பொருள் புதிது. ஏழு கற்கள் வரை அளந்து, தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை சுத்தமாக எழுதினார்.

சிலந்தி சார் தாளை எட்டிப் பார்த்தார். "இவ்வளவு பெரிசு இந்த ஓடையில கிடையாதே சார். எங்கேர்ந்து அளந்தீங்க?"

"கொடுக்கு நுனியிலேர்ந்து வால் வரைக்கும்."

"கொடுக்கு ஒடிஞ்சா மறுபடி முளைக்கும். வாலைச் சுருட்டிக்கும். அதனால மூக்கு நுனியிலேர்ந்து முதுகு ஓடு முடியற வரைக்கும்தான் அளப்போம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பரவால்ல. மிச்சக் கல்லை நான் எண்ணிடறேன். எண்ணிக்கை போதும், அளவு இந்த மாசம் இல்லேன்னு போட்டுக்கலாம். நீங்க வீட்டுக்குப் போங்க சார்."

தம்பி போனைப் பார்த்தார். அழைப்பு எதுவும் இல்லை. மணி பத்தே முக்கால். இப்போதே கிளம்பினால் பதினொன்றுக்கு அக்கா பக்கத்தில் இருக்கலாம். ஆனால் அவள் கேட்டதை அரைகுறையாகச் செய்துவிட்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? தப்பென்று தெரிந்து ஒரு துண்டைக்கூட அவர் பட்டறையிலிருந்து வெளியே விட்டதில்லை. அந்தப் பிடிவாதமும் அவள் கொடுத்ததுதான். போனைக் கரையில் நின்ற சிலந்தி சாரிடம் கொடுத்துவிட்டு, முதல் கல்லிலிருந்து மறுபடி தொடங்கினார்.

பன்னிரண்டாவது கல்லுக்கடியில் ஒரு பெண் இறால் இருந்தது. வயிற்றில் கறுப்பு முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன. வாலை மடக்கி அவற்றை மூடிக்கொண்டு, மிரட்டாமல், ஓடாமல் கிடந்தது. அதை அளந்து முடிக்கும்வரை அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது. மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி போயி இருபது நிமிஷம் ஆச்சுங்க."

அவர் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். கால்சட்டையிலிருந்து ஓடைத் தண்ணீர் தரையில் சொட்டியது. அக்காவின் கை இன்னும் அவ்வளவு குளிர்ந்திருக்கவில்லை.

"தப்பா அளந்துட்டேன்," என்றார். "திரும்ப அளக்கப் போயி..."

"தெரியும். அண்ணி சொன்னாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போனதுலேர்ந்து சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. இப்ப ரெண்டாவது கல்லுல இருப்பான், அங்க ஒண்ணு கடிக்க வரும்னாங்க. அப்புறம் தானா சிரிச்சாங்க. கொடுக்கையும் சேத்து அளந்திருப்பான், நானும் மொத தடவை அப்படித்தான் செஞ்சேன்னாங்க. நேரமாகுதே, போன் பண்ணட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், மொதல்லேர்ந்து அளந்துக்கிட்டு இருப்பான், கை நடுங்கிடும்னாங்க. கடைசியா எட்டாவது கல்லுன்னாங்க. அதுக்கப்புறம் பேசல."

தம்பி அழுதார். அந்த அழுகையில் துக்கத்தைவிட நன்றிதான் அதிகம் இருந்தது. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவில்லை. முழங்கால் தண்ணீரில், ஒவ்வொரு கல்லாக, அவர் கூடவே வந்திருக்கிறாள். அவர் செய்யப்போகும் தப்பையும் தெரிந்துவைத்திருந்தாள், அதைத் திருத்தாமல் வரமாட்டார் என்பதையும்.

மனைவி ஒரு துணியை எடுத்துவந்து அவர் காலடியில் தேங்கிய தண்ணீரைத் துடைத்தாள்.

"எத்தனைங்க?"

"பதினாலு. ஒண்ணு முட்டையோட."

"போன மாசம் ஒம்பதுதானே," என்றாள், அந்த ஓடைப் பக்கமே போயிராத மனைவி. அக்காவின் பாதம் வெளியே தெரிந்தது. போர்வையை இழுத்து மூடினாள்.