கழுவி எடுத்த ஜல்லி

"உன் கையெழுத்துதான் பார்க்க நல்லா இருக்கும். நீயே எழுதிக் குடு" என்று அக்காவின் கணவர் காகிதத்தை அவள் முன்னே நகர்த்தினார்.

அவர் ரோலர் ஓட்டுகிறவர். அதே சாலை வேலையில், ஆய்வுக்கூடத்தில் ஜல்லியைச் சோதிப்பவள் அவள். இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை நொறுக்கி ஜல்லியாக்கித் தாருக்கு அடியில் பரப்பும் சாலை அது. மழைத் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் இறங்கி ஓரமாக வடிந்துவிட வேண்டும். தார் போடுவதற்கு முன் பெய்த முதல் மழைக்கே நானூறு மீட்டருக்குக் குளம் கட்டி நின்றது. ரோலரை அதிகம் ஓட்டி இறுக்கிவிட்டார் என்றார் மேற்பார்வையாளர். நாளைக் காலை எழுத்தில் விளக்கம் தர வேண்டும், கூடவே வண்டிச் சாவியையும்.

"என்னன்னு எழுத, மாமா?"

"நாலு தடவை போதும்னாங்க, நான் ஆறு தடவை ஓட்டிட்டேன்னு எழுது."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரோலர்காரர் இல்லையா! முதல்ல ஏறி மிதிப்பாரு, அப்புறம்தான் குனிஞ்சு பார்ப்பாரு."

"பார்த்தியா? உங்கக்கா வாயை மட்டும் எந்த ரோலராலயும் அமுக்க முடியாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

போன மாதம் சோதனைக் குழாயில் அந்த ஜல்லியை நிரப்பித் தண்ணீர் ஊற்றியபோது, குழாய் முழுக்கச் சுண்ணாம்பு கரைத்தது போல வெளுத்து, அளவுக் கோடுகளே தெரியவில்லை. சுத்தமாகச் செய்வதுதான் சரி என்று அவளே தீர்மானித்து, ஜல்லியை இரண்டு முறை அலசிவிட்டு ஊற்றினாள். நாற்பது நொடியில் தண்ணீர் இறங்கியது. 'வடிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

குளம் கட்டிய மறுநாள் மீதியிருந்த ஜல்லியை அலசாமல் ஊற்றிப் பார்த்தாள். பதினோரு நிமிடம். அவள் கழுவிக் கொட்டியது போன்ற சிமெண்ட் தூள்தான் சாலையில் ஜல்லிக்கு நடுவே களிபோல அடைத்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு தடவை சோதித்து உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்றிருந்தாள். இன்னொரு தடவையும் சோதித்தாள். அப்போதும் சொல்லவில்லை.

"தேதியைப் போட்டு ஆரம்பி" என்றார் அவர்.

"மாமா, தப்பு உங்களோடது இல்ல. நான் ஜல்லியைக் கழுவிட்டு டெஸ்ட் பண்ணேன்."

தடுக்கித் தடுக்கி எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றார் அவர்.

"திங்கக்கிழமை."

இன்று வியாழன்.

"மூணு ராத்திரியா நான் தூங்காம ஹால்ல நடந்துட்டிருந்தேன். பக்கத்து ரூம்லதானே படுத்திருந்த?"

"கேட்டுச்சு, மாமா."

அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கூடுதலா ஓட்டின ரெண்டு தடவை?"

"அதுலயும் கொஞ்சம் தூளாகியிருக்கலாம். எவ்வளவுன்னு தெரியல."

"அப்ப அதையும் எழுது. முதல்ல உன்னோடதை எழுது."

அவள் எழுதினாள். இரண்டாவது வரியில் நிமிர்ந்து, "கோபமா, மாமா?" என்றாள்.

"எழுதி முடி" என்றார்.