வண்டியோரப் பையன்

பண்ணைக்கார வெள்ளைத் துரைசானி குனிந்து உள்ளே வந்ததும் ஸில்ஃபா சுவரோரம் ஒதுங்கினாள். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிய போர்வைச் சட்டம் அந்த ஒற்றையறையையே அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே போவதென்றால் துரைசானியை உரசிக்கொண்டுதான் போகவேண்டும்.

கிழிசல் துணிகளை உருவங்களாக வெட்டி, அம்மா டார்க்கஸ் போர்வையில் ஒரு கதையைத் தைத்திருந்தாள். ஒரு வண்டி. வண்டியோரம் ஒரு பையன். பக்கத்தில் மஞ்சள் உடுப்பில் கைகளே இல்லாத ஒருத்தி. பையன் ஆமோஸ், ஸில்ஃபா கைக்குழந்தையாக இருந்தபோது இதே துரைசானி விற்றுவிட்ட அண்ணன். பையனை வெட்டிய நீலக் கட்டத் துணி அவன் சட்டையில் மிஞ்சியது. அடிமைகளுக்கு விடுதலை வந்து பத்து வருஷமாகியும் அவன் இருக்கும் இடம் தெரியவில்லை. அம்மாவிடம் இருப்பது அந்தத் துண்டு மட்டும்தான்.

“இந்த மஞ்சள் என் பழைய உடுப்புல்ல, டார்க்கஸ்?”

ஸில்ஃபா அம்மாவைப் பார்த்தாள். இந்தக் குடிசையும் துரைசானியுடையது, வெளியே நிற்கும் பருத்தியும் அவளுடையது.

“நீங்க தூக்கிப்போட்டதுதாங்க. நீங்க போட்டா நாங்க பொறுக்கத்தானே செய்வோம்.”

“அப்போ இது நானா?”

“வேதத்துக் கதைங்க. கூடப் பிறந்தவங்களே யோசேப்பை எகிப்துக்கு விக்கிறாங்க. நீங்க எகிப்து ராணி.”

துரைசானிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ராணியா? ஞாயித்துக்கிழமை பாதிரியார் விருந்துக்கு வர்றார். அவர் கட்டில்ல இதத்தான் விரிக்கணும். கழட்டு.”

“இன்னிக்கு வெள்ளிங்க. வெள்ளிக்கிழமை சட்டத்தவிட்டு இறங்குற போர்வை, போற வீட்டுல பொணம் விழவைக்கும்.”

துரைசானியும் டார்க்கஸின் சாதிசனத்துத் தாதி ஒருத்தியிடம் பால் குடித்து வளர்ந்தவள்தான். பாலோடு பயமும் உள்ளே போயிருந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“சரி, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு.”

விடிந்ததும் அம்மா ஆமோஸின் தையலை மட்டும் கத்திமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“பையன் எங்கேன்னு கேப்பாளேம்மா.”

“வேற பையனை வெப்பேன்.”

“துணி?”

வீட்டில் மாவுச்சாக்கைத் தவிர ஒன்றுமில்லை. அம்மாவின் கண் ஸில்ஃபாவின் சிவப்புப் பாவாடையில் வந்து நின்றது.

“அசையாம நில்லுடி.”

கத்தரிக்கோல் முழங்காலில் சில்லென்று பட்டது. “என்னை அங்க அனுப்பாதம்மா.”

“வெறும் துணிதாண்டி.”

“அண்ணனும் துணிதானே?”

கத்தரிக்கோல் கொஞ்சம் நின்றது. பிறகு வெட்டியது. நீலத் துண்டை மடித்து அம்மா சட்டைக்குள் மார்போரம் செருகிக்கொண்டாள்.

சட்டத்திலிருந்து கழற்றிய போர்வையை மத்தியானத்துக்கு முன்பே ஸில்ஃபா பெரிய வீட்டுக்குச் சுமந்துபோய்க் கட்டிலில் விரித்தாள். துரைசானி பையனைத் தடவிப் பார்த்தாள்.

“நேத்து நீலமால்ல இருந்தான்?”

ஸில்ஃபா ஓர் எட்டு பின்னால் வைத்தாள். துரைசானியின் பார்வை மெல்ல இறங்கி, பாவாடையில் வெட்டுப்பட்ட இடத்துக்கு வந்தது.

“ஓ, நீதான் என் யோசேப்பா?” என்று சிரித்தாள். “நல்லதாப் போச்சு. விருந்துக்கு ஆள் வேணும். பிறகும் இங்கயே இருந்துக்கோ. உங்கம்மாகிட்ட நான் சொல்லி அனுப்பறேன்.”

ஸில்ஃபா வாசலைப் பார்த்தாள். அதை மறைத்துக்கொண்டு துரைசானி நின்றாள்.