ஒரு பல்சட்டம் குறைகிறது

எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. தெருவில் எனக்கு வைத்திருக்கும் பெயர் சங்கு. ஆலைச் சங்கு போல ஊதுகிறேனாம். ஊதினால் என்ன, வேலை நடக்கிறதா இல்லையா என்று கேட்பேன். இப்போது அப்படிக் கேட்பதில்லை.

எங்கள் மலை ரயில் நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனது. அதை மறுபடி ஓட்டுவதென்று முடிவானதும், பாதை போடும் வேலைக்கு என்னை மேஸ்திரியாகப் போட்டார்கள். செங்குத்தான மேட்டில் ஏற இரண்டு தண்டவாளம் போதாது. நடுவில் பல்சட்டம் வேண்டும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் மேலே போகும். பாதை சும்மா கிடந்த காலத்தில் ஊர்க்காரர்கள் அந்தச் சட்டங்களைக் கழற்றிக்கொண்டு போய் வீடு கட்டிவிட்டார்கள். வாசலுக்கு மேல் சுவரைத் தாங்க அதைவிட நல்ல இரும்பு எங்கே கிடைக்கும்? புதிதாக வார்த்து வாங்க ஒரு வருஷமாகும் என்றார் இன்ஜினியர்.

"நான் எதுக்கு இருக்கேன் சார்? வீடு வீடாப் போய் அத்தனையும் பிடுங்கிட்டு வரேன். சோதனை ஓட்டத்தை ஒரு நாள்கூடத் தள்ள வேணாம்" என்று மார்தட்டினேன்.

பிடுங்கவும் செய்தேன். சட்டம் இருந்த வீட்டுக் கதவிலெல்லாம் சிவப்புப் பெயிண்டில் 'திருட்டு இரும்பு' என்று எழுதினேன். அப்படி எழுத யாரும் சொல்லவில்லை. அது என் சொந்த மூளை.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா வீட்டில் சமையலறை வாசலுக்கு மேல் ஒன்று இருந்தது. "தம்பி, பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. ஒரு பத்து நாள் பொறுங்களேன், நானே ஆள் வச்சு எடுத்துத் தரேன்" என்றார்.

"திருடும்போது மட்டும் நாள் பார்த்தா திருடினீங்க?" என்று கேட்டேன். தெருவே கேட்கும்படிதான் கேட்டேன். இஸ்திரிக்காரர் பெட்டியைக் கையில் தூக்கியபடியே நின்றுவிட்டார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் வீட்டை ஒருமுறை பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். பதில் வருதா பார்த்தீங்களா என்று என் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தேன். சட்டத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த வாரமே மழையில் முட்டு நழுவி, சுவர் சமையலறைக்குள் சரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மகள் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவையும் மகளையும் பிள்ளையையும் நேராக எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வாயாலதான் இடிச்சீங்க, கையாலயாவது ஏதாவது செய்யுங்க. உள்ரூம் வாசலுக்கு ஒரு திரை கட்டுங்க" என்றாள்.

ஸ்டூல் போட்டு ஏறி, வாசலுக்கு மேலே ஆணி அடித்தேன். வளைந்தது. இன்னொன்று அடித்தேன். அதுவும் வளைந்தது. அன்றைக்குக் காலையில்தான் இன்ஜினியர், "எல்லாம் சரி மேஸ்திரி, ஒண்ணே ஒண்ணு குறையுதே, அது இல்லாம எஞ்சின் ஏறாதே" என்று சொல்லியிருந்தார். அந்த எரிச்சலையெல்லாம் சுத்தியலில் காட்டினேன். பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே வரிசையாகப் பல் தெரிந்தது.

அப்பா கட்டிய வீடு. அடுத்தவன் பொருளைத் தொடாத மனுஷன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த அப்பா.

திரைத்துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும் தம்பி" என்றார். "எங்க வீட்டுக்காரர் ஒரு முனை, உங்க அப்பா ஒரு முனை. ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு பேருமாத்தான் தூக்கிட்டு வந்தாங்க."

"ஐயோ அக்கா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லலாம்தான். உங்க ஆளுங்க முன்னாடி நடுத்தெருவுல சொன்னா, அப்புறம் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவீங்க?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. நான் அவர் மானத்தை ஏலம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். நான் கண்ணடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக் கதவுக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்து பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டார். "பச்சப்பிள்ளை இருக்கிற வீடு தம்பி. அந்த வார்த்தை இங்க வேணாம்" என்றார். பிள்ளை வரப்போகிற வீட்டுக் கதவில்தான் நான் அதை எழுதியிருந்தேன்.

இன்ஜினியரிடம் போய், "குறையற சட்டம் என் வீட்டுலதான் இருக்கு சார். வீட்டுல பச்சப்பிள்ளை இருக்கு. ஒரு பத்து நாள் பொறுங்க" என்றேன்.

"ஒரு நாள்கூடத் தள்ள வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சார் சொன்னேன்" என்றேன். சரி போங்க என்றார்.

மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் வாங்கிக்கொண்டு வந்து அக்கா வீட்டுக் கதவைத் தேய்க்க உட்கார்ந்தேன். பட்டப்பகல். எழுத்து போகவில்லை, சிவப்பு கதவெல்லாம் பரவியது. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

"என்ன சங்கு, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்? கடைசிச் சட்டம் கெடைச்சுதா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"கெடைச்சுது."

"எந்தத் திருட்டுப்பய வீட்டுல?"

"என் வீட்டுல."

"என்னது? கேக்கலையே" என்றார்.

துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அக்காவைத் திருடி என்று சொன்ன அதே குரலில், அதே தெரு கேட்கும்படி, இன்னொரு முறை சொன்னேன்.