கடைசி பெஞ்சின் அபிப்பிராயம்

சபை நடத்தும் மாதப் பத்திரிகையில் கடைசிப் பக்கம் அவளுடையது. அவளுக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் வேலை. ஞாயிறு ஆராதனைக்கு டியூட்டி முடிந்து அரக்கப் பரக்க ஓடி வருகிறவளுக்கு இடம் பின்னால்தான் கிடைக்கும். அதனால் ‘கடைசி பெஞ்ச்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, புதிதாக வரும் கிறிஸ்தவப் பாடல் ஆல்பங்களையும் விசுவாச நாவல்களையும் பற்றித் தனக்குப் பட்டதை எழுதினாள். எழுதுவது யார் என்பது போதகருக்கும் அவள் புருஷனுக்கும் மட்டுமே தெரியும்.

அவள் பேனாவுக்குக் கொஞ்சம் வாய் அதிகம். ஒரு ஆல்பத்தைப் பற்றி, “எல்லாப் பாட்டிலும் மலை பெயர்கிறது, சுவர் இடிகிறது, எதிரி ஓடுகிறான். ஒரே ஒரு பாட்டிலாவது யாராவது பஸ்ஸுக்குக் காத்திருந்தால் தேவலை” என்று எழுதினாள். இன்னொன்றைப் பற்றி, “பாடகருக்கு நல்ல குரல். டிரம்ஸ் வாசிப்பவருக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது” என்றாள். பிடித்திருந்தால் மனசாரச் சொல்லவும் செய்வாள். வெறும் கிதாரோடு ஒரு கிழவர் பாடிய ஆல்பத்தைக் கேட்டபடி வீடு திரும்பியபோது இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டதாக எழுதியதும், பலர் அதைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எந்தப் பாட்டுக்கு வேனில் பிள்ளைகள் அடிதடியை நிறுத்துகிறார்களோ அதுதான் நல்ல பாட்டு என்பது அவர் கட்சி. அதையும் அவள் அவ்வப்போது கணக்கில் எடுத்துக்கொள்வாள்.

அந்த நாவல் அவள் கைக்கு வந்தது ஒரு பொல்லாத நாளில். வெகுகாலமாக அவளிடம் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த ஒரு தையல்காரர் அன்று வரவில்லை. விடியற்காலையிலேயே போய்விட்டார் என்று மத்தியானம் போன் வந்தது. அவருடைய நாற்காலியில் வேறு ஒருவரை உட்கார வைத்து வேலையை முடித்தாள். வீட்டுக்கு வந்து, எதிலாவது மனசைத் திருப்பலாம் என்று அந்தப் புத்தகத்தைப் பிரித்தாள்.

ஒரு அக்கா, ஒரு தம்பி. தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. அக்கா ஜெபிக்கிறாள், ஊரே ஜெபிக்கிறது. கடைசி அத்தியாயத்தில் டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் ஓடி வருகிறார். நோய் இருந்த தடமே இல்லை. எல்லாரும் முழங்காலில் நிற்கிறார்கள், முற்றும்.

படித்து முடித்த கையோடு எழுதினாள். நடை நன்றாக இருக்கிறது, அக்காவும் தம்பியும் சண்டை போடுகிற இடங்கள் பிரமாதம், ஆனால் முடிவு ஏமாற்று வேலை என்றாள். “நான் பார்க்கிற ரிப்போர்ட்டுகள் இப்படி மாறுவதில்லை. மாறாதவர்களும் ஜெபிக்கிறவர்கள்தான்” என்று எழுதிவிட்டு, கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: “இந்த எழுத்தாளர் ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு மத்தியானம்கூட உட்கார்ந்ததில்லை என்பது தெரிகிறது.”

புருஷன் படித்துவிட்டு, கடைசி வரியில் காரம் தூக்கல் என்றார். அவள் எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து அந்த எழுத்தாளரே அவளுடைய வார்டுக்கு வந்தார், நோயாளியாக.

பின் அட்டையில் பார்த்த முகம். கொஞ்சம் வீங்கியிருந்ததே தவிர வித்தியாசமில்லை. போஸ்ட் ஆபீஸ் கவுன்டரில் வேலை பார்க்கிற பெண்மணி, ஐம்பதை ஒட்டிய வயது, தனிக்கட்டை. நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. எடை பார்த்தாள், பி.பி. பார்த்தாள், கையில் ஊசி போட்டு மெஷினில் இணைத்தாள், தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஏற்கெனவே தெரிந்த பாடத்தைக் கேட்பவர் மாதிரி இருந்தது.

இரண்டு பேரையும் பேச வைத்தது பாட்டுதான். போஸ்ட் ஆபீஸ் அக்கா போனில் சத்தமாகப் பாட்டு வைப்பார், நர்ஸ் போய்க் குறைக்கச் சொல்லுவாள். அப்படியே இந்தப் பாட்டு எப்படி, அந்தக் குரல் எப்படி என்று பேச்சு வளர்ந்தது. அக்காவுக்குக் கூட்டமாகப் பாடுவது பிடிக்கும், நர்ஸுக்குத் தனிக் குரல். வாரத்துக்கு வாரம் ஊசி போடுகிற வலிகூட இந்த வாக்குவாதத்தில் மறந்து போனது. ஒருநாள் ஊசிக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே நர்ஸ் வாய் தவறினாள்.

“இதுலயும் மலை பெயருதாக்கா? ஒருத்தராவது பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டாங்களா?”

அக்கா போனை நிறுத்தினார். அவள் முகத்தையே பார்த்தார்.

“நீங்கதான் கடைசி பெஞ்சா?”

இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய கை இவள் கையில் இருந்தது. “ஆமாக்கா” என்றாள்.

அன்று முழுக்க அக்கா கண்ணை மூடியே கிடந்தார். அடுத்த முறை வந்தபோது, தனக்கு வேறு சிஸ்டர் ஊசி போடட்டும் என்று வார்டு இன்சார்ஜிடம் சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு மருந்து கொடுக்க நர்ஸ் அந்தப் பக்கம் போனால், அவர் ஜன்னலைப் பார்ப்பார். வீட்டில் நர்ஸ், எழுதியது தப்பா என்று புருஷனைக் கேட்டாள். எழுதினது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்தம்மா வாரா வாரம் உன் எதிர்ல படுத்திருக்கு, அவங்ககிட்டயே கேளு என்றார் அவர்.

கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்காமலே வழி பிறந்தது. ஒரு மத்தியானம் மற்ற நர்ஸ் சாப்பிடப் போயிருந்த நேரம், அக்காவுக்கு பி.பி. சட்டென்று இறங்கியது. காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. இவள் ஓடிப்போய் நாற்காலியைச் சாய்த்து, மெஷினில் வேகத்தைக் குறைத்து, சலைன் ஏற்றிவிட்டு, அவர் பாதத்தை மேல்பக்கமாக மடக்கிப் பிடித்துக்கொண்டாள். இழுப்பு விடுவதற்குள் அக்காவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

பிடி தளர்ந்ததும் அவரே பேசினார்.

“இப்படித்தான் என் தம்பிக்கும் பிடிச்சிக்கும். நான்தான் காலை மடக்கிப் பிடிப்பேன்.”

நர்ஸ் நிமிர்ந்தாள்.

அவர்கள் குடும்பத்தில் வழிவழியாக வருகிற நோய் இது. அப்பாவுக்கு இருந்தது, தம்பிக்கு வந்தது, இப்போது இவருக்கு. தம்பிக்குத் துணையாகப் போஸ்ட் ஆபீஸில் லீவு போட்டுப் போட்டு, இதே மாதிரி ஒரு வார்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். ஜெபத்துக்கும் குறைவில்லை. தம்பி போய்விட்டான். அதற்கப்புறம் எழுதியதுதான் நாவல்.

“ஒரு மத்தியானம்கூட உக்காந்ததில்லைன்னு எழுதினீங்க. அதைத்தான் சிஸ்டர் என்னால தாங்க முடியல” என்றார். “நிஜத்துல அவன் செத்துட்டான். புத்தகம் என்னோடது. அங்கயும் நான் அவனைச் சாகடிக்கணுமா?”

நர்ஸ் அவர் பாதத்தை மெல்லக் கீழே வைத்தாள். அந்த வரியை எழுதியிருக்கக் கூடாதுக்கா, தெரியாம எழுதிட்டேன் என்று சொன்னாள். நாவலைப் படித்த அன்று காலையில் இறந்துபோன தையல்காரரைப் பற்றியும் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். பிறகு, “சரி, அந்த வரியை விடுங்க. மத்ததெல்லாம்?” என்றார்.

“கடைசி அத்தியாயம் எனக்கு இன்னமும் பிடிக்கலக்கா.”

அக்கா உதட்டைச் சுழித்தார்.

“எனக்கும் இப்போ பிடிக்கல. டாக்டர் ஓடி வர்றாராம். நம்ம டாக்டர் நடந்து வந்தாலே பெரிய விஷயம்.”

சிரித்ததில் அவருக்கு மறுபடியும் கால் இழுத்தது.

அடுத்த இதழில் நர்ஸ், அக்காவிடம் கேட்டுக்கொண்டு, நாலு வரி எழுதினாள். பழைய கதையைக் கிளற வேண்டாமே என்று போதகர் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. அந்த எழுத்தாளர் பல மத்தியானங்கள் உட்கார்ந்தவர், தெரியாமல் அவரைச் சொன்னதற்கு வருந்துகிறேன், நாவலைப் பற்றிய அபிப்பிராயத்தில் மாற்றமில்லை என்று இருந்தது. நாலு வரியையும் நாற்காலியில் படுத்தபடியே அக்கா படித்துவிட்டு, ஒரு எழுத்துப்பிழையைக் காட்டினார்.

இப்போது அந்தப் பக்கத்தில் இரண்டு பேருடைய அபிப்பிராயமும் வருகிறது. ஆல்பத்தை வார்டில் ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அக்காதான் ரொம்பக் கறார். ஒரு பாடகரை, தூங்குகிறவர்களை எழுப்பப் பாடுகிறாரா, விழித்திருப்பவர்களைத் தூங்க வைக்கவா என்று கேட்டுவிட்டார். அந்தப் பாடகரின் மாமனார் போதகருக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினார். கடைசி பெஞ்ச் பழையபடி தனியாக எழுதினால் நிம்மதியாக இருக்கும் என்று போதகருக்கு இப்போது தோன்றுகிறதாம்.

அக்காவின் ரிப்போர்ட் எதுவும் மாறவில்லை. குறித்த நாட்களில் வருகிறார், போகிறார். போன வாரம், இன்னொரு நாவல் ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். அதிலும் ஒரு தம்பி உண்டாம். நர்ஸ் ஆர்வம் தாங்காமல், முடிவு என்ன என்று கேட்டாள்.

“அவசரப்படுத்தாதீங்க. அஞ்சாவது அத்தியாயத்துலதான் இருக்கேன். இப்போதைக்கு அவன் உயிரோட இருக்கான், அக்காகிட்ட சண்டை போட்டுக்கிட்டு.”

நர்ஸ் ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அக்கா பிடித்துக்கொண்டார். ரத்தம் நிற்கிறவரை, தம்பி எதற்காகச் சண்டை போடுகிறான் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.