ஃப்லோரிந்தா சொன்ன சாட்சி

பிப்ரவரி பிறந்தால் சாந்தா உர்சுலா இல்லத்தின் கிழக்குச் சுவருக்குப் புது வர்ணம் வந்துவிடும். வடக்கே இருக்கும் தாய்ச்சபையிலிருந்து, ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு இருபது பேர் பத்து நாள் ஊழியத்துக்கு வருவார்கள். வந்தவர்கள் கையில் ஏதாவது வேலையைக் கொடுக்க வேண்டுமே? போன வருடம் மஞ்சள் அடித்தார்கள், அதற்கு முந்தின வருடம் நீலம். ஜன்னல் கண்ணாடியில் தெறித்ததை பிளேடால் சுரண்டி முடிக்கச் சமையல்காரி செஃபெரினாவுக்கு அப்புறம் ஒரு வாரம் பிடிக்கும். "செவுரு இப்படியே தடிச்சுக்கிட்டுப் போனா, இன்னும் பத்து வருஷத்துல உள்ள புள்ளைங்களுக்கு இடம் இருக்காது" என்பாள்.

லோர்னா சிரித்து வைப்பாள். இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போகலாம் என்று குவாத்தமாலாவின் இந்த மலையூருக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. இப்போது நாற்பத்தைந்து. ஜெபம் கூட ஸ்பானிய மொழியில்தான் வருகிறது. கருப்பு பீன்ஸும் சோளரொட்டியும் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை. கல்யாணம், குழந்தை என்று எதுவும் அவளுக்கு அமையவில்லை. அதற்கு ஈடாகத்தானோ என்னவோ, முப்பத்தொரு பிள்ளைகள் அவளை 'லோர்னா அம்மா' என்று கூப்பிட்டார்கள். அந்த வார்த்தைக்கு அவள் அடிமை. அதை யாரிடமும் சொன்னதில்லை, கர்த்தரிடம் கூட.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் துணி துவைக்கும் தொட்டி ஓரம் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் பேன் சீவிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் கட்டிப்பிடிப்பவர்கள். போன வருடம் ஒருத்தி ஊருக்குப் போய், தலையெல்லாம் பேன் என்று கடிதம் எழுதியிருந்தாள். அதனால் அவர்கள் ஆராதனைக்கு வருவதற்கு முன்னால் எல்லாத் தலைக்கும் வினிகர், சீப்பு. மக்டாவின் முறை வந்தது. பதினைந்து வயதுப் பெண். சீப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"இன்னிக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்."

"ஏன்டி, தொண்டை கட்டிடுச்சா?"

"தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்கம்மாவ இனிமே விக்க மாட்டேன். மூணு வருஷமா வித்தாச்சு, போதும்."

லோர்னாவின் கை நின்றுவிட்டது. மக்டாவின் அம்மா மண்சரிவில் இறந்தது உண்மை. மக்டா மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். அதை அவள் மேடையில் சொல்ல, லோர்னா ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, மூன்று பிப்ரவரியாக விருந்தாளிகள் அழுதுவிட்டுப் போனார்கள். மற்றப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, அது அவர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

வேறொரு வருடமாக இருந்தால் லோர்னா விட்டிருப்பாள். இந்த வருடம் விட முடியாது. அக்டோபரில் தாய்ச்சபையிலிருந்து கடிதம் வந்திருந்தது. பிள்ளைகள் பெற்றவர்களிடம்தான் வளர வேண்டும், ஆகவே அடுத்த வருடத்திலிருந்து தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளை மட்டும் இல்லத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. படித்தால் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பத்தொரு பேரில் அனாதைகள் ஆறே பேர். மற்றவர்களின் அம்மாக்கள் நவம்பர் பிறந்தால் கடற்கரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் காப்பி பறிக்க இறங்கிவிடுவார்கள். மார்ச்சில்தான் ஏறி வருவார்கள். பிள்ளையையும் கூடவே கொண்டுபோனால் அதன் இடுப்பிலும் ஒரு கூடையைக் கட்டிவிடுவான் மேஸ்திரி. ஜனவரியில் திறக்கும் பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவுதான். 'பெற்றவர்களிடம் வளர வேண்டும்' என்று எழுதியவர்கள் அந்தக் கூடையைத் தூக்கிப் பார்த்தவர்கள் இல்லை.

கடிதத்துக்கு லோர்னா ஆம் என்றும் எழுதவில்லை, முடியாது என்றும் எழுதவில்லை. செஃபெரினாவிடம் மட்டும் சொன்னாள். செஃபெரினாவிடம் சொல்வதும் கோயில் மணியை அடிப்பதும் ஒன்றுதான். சமையலறைக்குள் பீன்ஸ் பொறுக்கும் சாக்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அதில் ஒருத்தி ஃப்லோரிந்தா. ஒன்பது வயது. இரண்டு வருடம் தொடர்ந்து அம்மாவோடு தோட்டத்துக்குப் போனதால், முதல் வகுப்பையே இரண்டு தடவை விட்டவள்.

பத்து மணிக்கு ஆராதனை. பாட்டெல்லாம் முடிந்தது. விருந்தாளிகளை அழைத்து வந்த போதகர் ஹால்வர்சன் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். லோர்னா மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"யாரு சாட்சி சொல்ல வர்றீங்க?"

மக்டா தரையைப் பார்த்தாள். ஃப்லோரிந்தா எழுந்து வந்தாள். இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஒப்பிக்கப் போகிறாள் என்றுதான் லோர்னா நினைத்தாள். ஆனால் அவள் மக்டா மாதிரியே இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்தாள், மக்டா மாதிரியே கண்ணை மூடினாள்.

"என் பேரு ஃப்லோரிந்தா. அன்னிக்கு நான் மாவு அரைக்கப் போயிருந்தேன்."

லோர்னாவின் நாக்கு ஆங்கிலத்தில் பின்னாலேயே போய்விட்டது. பத்தொன்பது வருடப் பழக்கம், மூளையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

"திரும்பி வந்து பாத்தா மலை எறங்கி வந்திருந்துச்சு. எங்க வீட்டக் காணோம். எங்கம்மா செத்துட்டாங்க."

அந்தக் கூடத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவள் லோர்னா ஒருத்திதான். விருந்தாளிகளுக்கு ஸ்பானிய மொழி தெரியாது, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது. 'இவள் அம்மா காப்பி பறிக்கப் போயிருக்கிறாள், மார்ச்சில் வருவாள்' என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் ஒரு ஆத்மாவுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பிள்ளையின் பொய் பிள்ளையோடு போயிருக்கும், வந்தவர்கள் காதில் உண்மை விழுந்திருக்கும். அதற்கு வேண்டிய நேரமும் இருந்தது, ஒரு மூச்சு அளவுக்கு. அந்த மூச்சில் லோர்னா அக்டோபர் கடிதத்தை நினைத்தாள். 'என் அம்மா இறந்துவிட்டாள்' என்று மொழிபெயர்த்தாள்.

அதோடு விட்டாளா? மக்டா ஒருநாளும் சொல்லாத, ஆனால் லோர்னா வருடா வருடம் சேர்த்துக்கொள்ளும் ஒரு வரி உண்டு. 'அந்த இருட்டில் இயேசு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.' அதையும் சேர்த்தாள். முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டை எடுத்தார்கள்.

அப்போதுதான் லோர்னா வாசலில் நின்றவளைப் பார்த்தாள். தலையில் கூடை, கையால் நெய்த சிவப்பு மேல்சட்டை, பிளாஸ்டிக் செருப்பு, முழங்கால் வரை கடற்கரைப் புழுதி. எலுத்தேரியா. ஃப்லோரிந்தாவின் அம்மா. இந்த வருடம் காப்பிச் செடியில் துருநோய் விழுந்ததால் மேஸ்திரி ஒரு மாதம் முன்னாடியே எல்லோரையும் அனுப்பிவிட்டான். அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மகளைப் பார்க்க வந்திருக்கிறாள். வீட்டில் அவளுக்கு வேறு மொழி, ஆனால் 'எங்கம்மா செத்துட்டாங்க' என்பது புரிகிற அளவுக்கு ஸ்பானிய மொழி எல்லோருக்கும் தெரியும். தலையிலிருந்த கூடையை அவள் இறக்கவே இல்லை.

ஃப்லோரிந்தா கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை, ஓடவில்லை. மைக்கை லோர்னா கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, "ஆமென்" என்றாள்.

ஆராதனை முடிந்ததும் கார்லீன் என்ற பெண்மணி ஓடிவந்து ஃப்லோரிந்தாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். நல்லவள். உண்மையாகவே விம்மினாள். அவள் தோளுக்கு மேலே பிள்ளையின் முகம் மரக்கட்டையாக இருந்தது. எலுத்தேரியா மெல்ல நடந்து வந்து இரண்டு அடி தள்ளி நின்றாள். கார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு லோர்னாவிடம் எதையோ கேட்டாள்.

"என்ன கேக்குறாங்க டீச்சரம்மா?" என்றாள் எலுத்தேரியா.

"நீங்க யாருன்னு."

எலுத்தேரியா மகளைப் பார்த்தாள். மகள் செருப்பைப் பார்த்தாள். வாசலிலேயே செஃபெரினா அவள் காதில் கடித விஷயம் முழுவதையும் போட்டிருக்க வேண்டும்.

"சித்தின்னு சொல்லுங்க. செத்துப்போனவளோட தங்கச்சி."

லோர்னா அதையும் மொழிபெயர்த்தாள். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மறுத்த பேதுருவுக்காவது ஒரு சேவல் கூவியது. இங்கே வெளியே நின்ற பஸ்தான் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஹாரன் அடித்தது. கார்லீன் எலுத்தேரியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அக்காவை இழந்த துக்கத்துக்கு ஆறுதல் சொன்னாள். எலுத்தேரியா பொறுமையாகத் தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

பஸ் போனபிறகு லோர்னா அவளைச் சமையலறையில் பிடித்தாள். எலுத்தேரியா அப்போதுதான் கூடையை இறக்கி, இலையில் சுற்றி அவித்த சோளக் கொழுக்கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எலுத்தேரியா, தப்பு என் மேலதான். நான் அங்கேயே நிறுத்தியிருக்கணும். நாளைக்கே அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? உங்களச் செத்துட்டதா..."

"எங்க ஊர்ல செத்தவங்களுக்கு ஒம்பது நாளு ஜெபம் பண்ணுவோம் டீச்சரம்மா. மெழுகுவத்தி, பூ, காப்பி, வர்றவங்களுக்குச் சாப்பாடு, எவ்வளவு செலவு! எம்மக ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டா. கெட்டிக்காரி."

செஃபெரினா மட்டும் 'களுக்' என்று சிரித்து, உடனே கைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்குக் கோவமே வரலியா?" என்று கேட்டாள் லோர்னா. அந்தக் கேள்வியில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது. இரண்டு வார்த்தை திட்டு வாங்கினால் பாரம் குறையும் என்று எதிர்பார்த்தாள்.

எலுத்தேரியா அதைக் கொடுக்கவில்லை. "கோவப்பட்டா அவளக் கூட்டிட்டுப் போகணும். கூட்டிட்டுப் போனா இடுப்புல கூடையக் கட்டணும். இங்க பள்ளிக்கூடம் போறா, மூணு வேளை சாப்புடுறா. உங்களால அவளுக்கு அம்மாவா இருக்க முடியுது. என்னால சித்தியா இருக்க முடியாதா?"

சொல்லிவிட்டு ஒரு கொழுக்கட்டையை எடுத்து லோர்னா கையில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது. லோர்னா அதை இலையோடு பிடித்துக்கொண்டே நின்றாள்.

'நாளைக்கே' என்றாளே, சொன்னாளா? விருந்தாளிகள் இன்னும் ஏழு நாள் இருந்தார்கள். சுவருக்குப் பச்சை அடித்தார்கள். சாப்பாட்டு மேசையில் தினமும் போதகரின் பக்கத்து நாற்காலியில்தான் லோர்னா உட்கார்ந்தாள். உப்பை நகர்த்தினாள், தண்ணீர் ஊற்றினாள், வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கிளம்பிப்போன திங்கட்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். ஆறு பேர்தான் அனாதைகள், இருபத்தைந்து பேருக்கு அம்மா இருக்கிறாள், அந்த அம்மாக்களுக்காகத்தான் இந்த இல்லம் தேவை என்று. நன்றாகத்தான் வந்திருந்தது கடிதம். வெள்ளிக்கிழமை அனுப்பலாம் என்று வைத்தாள்.

வியாழக்கிழமை போதகர் ஹால்வர்சனின் மின்னஞ்சல் வந்தது. வீடியோவில் பிடித்துக்கொண்டு போன ஃப்லோரிந்தாவின் சாட்சியைத் திரையில் போட்டுக் காட்டினார்களாம். சபை முழுக்க எழுந்து நின்றதாம். இத்தனை அனாதைகள் இருக்கிற இடத்தில் இனி யார் அனாதை என்று கணக்கெடுக்கவே வேண்டாம், பத்து வருடத்துக்கு இல்லத்தைத் தாங்குகிறோம் என்று முடிவாம். கடைசியில் ஒரு வரி: 'அடுத்த பிப்ரவரியிலும் அந்தக் குழந்தையே பேசட்டும். அந்தச் சித்தியையும் மேடைக்கு அழைத்து வாருங்கள்.'

லோர்னா முழந்தாளிட்டு நன்றி சொல்லப் பார்த்தாள். முழந்தாள் மடங்கியது. வார்த்தை எந்த மொழியிலும் வரவில்லை. எழுதி வைத்த கடிதத்தை எடுத்து, செஃபெரினா காணாதபடி அடுப்பில் போட்டாள்.

மார்ச் முதல் ஞாயிறு, அம்மாக்கள் வரும் நாள். வெள்ளைக்காரர்கள் ஒருவரும் இல்லை, பஸ் இல்லை, மைக் இல்லை. புதுப் பச்சைச் சுவரோரம் பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எலுத்தேரியா வாசலுக்குள் நுழைந்ததும் ஃப்லோரிந்தா சடை பறக்க ஓடினாள்.

"சித்தி! சித்தி வந்துட்டாங்க!"

மற்ற அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோர்னாவுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று போய்ப் பிள்ளையின் தோளைத் தொட்டாள்.

"ஃப்லோரிந்தா, இன்னிக்குத்தான் வெளியாளு யாரும் இல்லியே. அம்மான்னே கூப்புடு கண்ணு."

ஃப்லோரிந்தா நிமிர்ந்து பார்த்தாள். வயதில் சின்னவர்களுக்கு எடுத்துச் சொல்கிற பொறுமை அந்த முகத்தில் இருந்தது.

"வேணாம் லோர்னா அம்மா. பழகிக்கிட்டாதான் நல்லது. இல்லன்னா அடுத்த வருஷம் அவங்க முன்னாடி வாய் தவறிடும்."

லோர்னா எலுத்தேரியாவைப் பார்த்தாள். எலுத்தேரியா அவளைப் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, ஒரு கொழுக்கட்டையின் இலையைப் பிரித்து, ஊதி ஆற்றி நீட்டினாள்.

"இந்தா, சித்தி உனக்குன்னு கொண்டாந்தேன். ஆறிப்போறதுக்குள்ள சாப்புடு."